பேட்டரி தீர்ந்த கார் சாவியும் மாஸ்கோ மரச்சிற்பமும்

கார் சாவியின் பொத்தானை அமுக்கினால் விளக்கு மின்னவில்லை, கதவு திறக்கவில்லை. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இனி கார் கிளம்பாது, இழுத்துக்கொண்டு போக வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பெரும்பாலும் ஒன்றல்ல, மூன்று சாவிகள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தவை. பேட்டரியை நம்பியிருப்பது அவற்றில் ஒன்று மட்டும்தான்!

முதலாவது, உலோகச் சாவி. பழைய கார்களில் சாவி மின் இணைப்பைக் கொடுக்கும், அவ்வளவுதான். எஞ்சினைச் சுழற்ற வேறொரு பொத்தானையோ மிதியையோ தேட வேண்டும். சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் வசதியை அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1949-ல் கொண்டுவந்தது.

இரண்டாவது, தூரத்திலிருந்தே கதவைத் திறக்கும் ரிமோட். இது 1982-ல் பிரான்சின் ரெனோ ஃபுவேகோ காரில் வந்தது. உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரைச் சுருக்கி 'பிளிப்' என்று வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கார் ரிமோட்டை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆரம்ப கால ரிமோட்டுகள் டி.வி. ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்தன, காரைக் குறிபார்த்து அமுக்க வேண்டும். பிறகு ரேடியோ அலைக்கு மாறினார்கள். ரேடியோவைப் பதிவு செய்து திருடன் திரும்ப ஒலிபரப்பிவிடலாமே? அதனால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் குறியீடு மாறும்படி செய்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த 'கீலாக்' அப்படி ஒரு முறை. 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது. எந்த முறையாக இருந்தாலும் சாவி தானாக ரேடியோ அலையை அனுப்ப மின்சாரம் வேண்டும். பேட்டரி தேவைப்படுவது இதற்குத்தான்.

மூன்றாவது சாவிதான் சுவாரசியமானது. அதற்குப் பேட்டரியே கிடையாது. அதன் கதையைக் கார்களிடமிருந்து வெகு தூரத்தில், மாஸ்கோவில் தொடங்க வேண்டும்.

1945-ல் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க அரசு முத்திரை செதுக்கிய மரச்சிற்பம். தூதர் மாளிகையின் படிப்பறையில் அது மாட்டப்பட்டது. ஏழு வருடம் கழித்து, 1952-ல்தான் உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பது தெரிந்தது. அதில் பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை! வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சும்போது மட்டும் அது உயிர் பெறும். அறையில் பேசும் குரலுக்கு ஏற்ப அந்த அலையை மாற்றித் திருப்பி அனுப்பும். செய்தவர் லியோன் தெரமின். கையால் தொடாமல் வாசிக்கும் இசைக்கருவிக்குத் தன் பெயரையே கொடுத்த அதே மனிதர். 1960-ல் அமெரிக்கா அந்தச் சிற்பத்தை ஐ.நா. சபையிலேயே திறந்து காட்டியது.

கேட்பவனே சக்தியையும் கொடுக்க வேண்டும், பதில் சொல்பவனிடம் எதுவும் இருக்க வேண்டாம். இதுதான் அதில் இருந்த யோசனை. 1973-ல் மரியோ கார்டுல்லோ நினைவகத்தோடு கூடிய இப்படி ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு மாடுகளையும் நாய்களையும் அடையாளம் காண அரிசி மணி போன்ற சிப்புகள் வந்தன. அந்தக் குடும்பத்துச் சிப்தான் 1990-களில் கார் சாவிக்குள் குடியேறியது.

காரணம் திருட்டு. பெர்லின் சுவர் 1989-ல் விழுந்த பிறகு ஜெர்மனியில் கார் திருட்டு மளமளவென்று ஏறியது. காப்பீட்டு நிறுவனங்கள் நெருக்கின. 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்கள் அனைத்திலும் 'இம்மொபிலைசர்' கட்டாயம் என்றது ஐரோப்பிய ஒன்றியம். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அதன் காந்தப்புலம் சாவியிலுள்ள சிப்புக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் மின்சாரம் ஊட்டும். சிப் சரியான பதில் சொன்னால்தான் எஞ்சின் ஓடும்.

பிறகு சாவியைப் பையிலேயே வைத்துக்கொள்ளும் காலம் வந்தது. 1993 ஷெவர்லே கார்வெட்டில் அருகில் போனாலே கதவு திறந்தது. 1990-களின் கடைசியில் மெர்சிடிஸ் 'கீலெஸ் கோ' வந்தது. உலோகச் சாவி கூட்டுக்குள்ளே ஒளிந்துகொண்டது, கதவின் துவாரத்தையும் பல கார்களில் மூடி போட்டு மறைத்துவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சொந்தக்காரருக்கே அது இருப்பது மறந்துபோனது.

ஆக, பேட்டரி தீர்ந்தால் சாவிக் கூட்டின் ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி, உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறக்கலாம். சில கார்களில் அலாரம் அலறும், பயப்பட வேண்டாம், எஞ்சின் கிளம்பியதும் அடங்கிவிடும். பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவிக் கூட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமுக்க வேண்டும். சில கார்களில் அந்த இடம் ஸ்டியரிங் தண்டிலோ நடுப்பெட்டியிலோ இருக்கும். கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. மாஸ்கோ சிற்பத்தைப் போல, கார் கொடுக்கும் சக்தியில் சாவி பதில் சொல்லும்.

கையேட்டைப் படிப்பது சோம்பேறித்தனத்தால் தள்ளிப்போடும் காரியம்தான். ஆனால் 2015-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு முதியவரும் அவருடைய நாயும் கார்வெட் காருக்குள் சிக்கி வெப்பத்தில் இறந்தார்கள். அங்கே செயலிழந்தது சாவியின் பேட்டரி அல்ல, காரின் பேட்டரி இணைப்பு. கதவுகள் மின்சாரத்தில் திறப்பவை. கையால் இழுத்துத் திறக்கும் பிடி இருக்கைக்குப் பக்கத்தில், தரையோரமே இருந்தது.

பேட்டரி மாற்றுவது ஐந்து நிமிட வேலை. பல சாவிகளில் இருப்பது சி.ஆர்.2032. 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன், மின்னழுத்தம் 3 வோல்ட். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே புதியதை வைக்க வேண்டும். பெரும்பாலான சாவிகளில் குறியீடு அழிவதில்லை. கழற்றிய பேட்டரியை மேசை மேல் விட்டுவிடக் கூடாது. தீர்ந்துபோனதிலும் மிச்சச் சக்தி இருக்கும். குழந்தை விழுங்கித் தொண்டைக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும்.