கால் கட் ஆகாமல் சாஃப்ட்வேர் அப்டேட்: வாட்ஸ்அப் பயன்படுத்தும் 'எர்லாங்' பற்றி தெரியுமா?

போனில் அப்டேட் வந்தால் என்ன செய்வோம்? அது ஆஃப் ஆகி ஆன் ஆகும் வரை காத்திருப்போம். ஆனால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சை அப்படி நிறுத்த முடியுமா? ஆம்புலன்ஸைக் கூப்பிடுபவரின் காலும் அது வழியாகத்தானே போகணும்!

எங்கே உருவானது?

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியது ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம். 1986ல் அங்கு ஜோ ஆம்ஸ்ட்ராங் தொடங்கிய வேலையில் ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோரும் சேர்ந்தனர். அப்படி உருவானதுதான் எர்லாங் புரோகிராமிங் மொழி. 1998ல் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்பட்டது. வாட்ஸ்அப் சர்வர்களும் இந்த மொழியில்தான் இயங்குகின்றன.

பழுதானால் என்ன ஆகும்?

எர்லாங்கில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி குட்டி 'புராசஸ்' ஆக ஓடும். ஒன்றின் மெமரியை இன்னொன்று தொடாது; மெசேஜ் அனுப்பித்தான் பேசிக்கொள்ளும். அதனால் ஒன்று விழுந்தாலும் மற்றவை தப்பிக்கும். விழுந்ததைக் கவனித்து மறுபடி ஸ்டார்ட் செய்ய 'சூப்பர்வைசர்' இருக்கும்.

ஓடும்போதே அப்டேட் எப்படி?

ஒரு மாட்யூலின் பழைய, புதிய வெர்ஷன்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மெமரியில் இருக்கலாம். கையில் உள்ள வேலை பழையதில் முடியும். அடுத்த முறை அந்த மாட்யூலைக் கூப்பிடும்போது புதியது ஓடும். ஆனால், 3வது வெர்ஷனை ஏற்றினால் முதல் வெர்ஷனிலேயே தங்கிவிட்ட புராசஸ்கள் நிறுத்தப்படும். அவசரப்பட்டு அடுத்தடுத்து அப்டேட் செய்தால் கால் கட்தான்!

இதெல்லாம் இருந்தும் ஒரே கம்ப்யூட்டரை நம்ப முடியாது. கரன்ட் போனால் சூப்பர்வைசரும் சேர்ந்தே போய்விடும். அதனால் குறைந்தது 2 கம்ப்யூட்டர்கள் கட்டாயம் வேண்டும்.