காத்திபின் கலமும் கணிப்பொறியும்

அப்பாஸியக் கிலாஃபத்தில் மும்முறை வஸீராக இருந்த இப்னு முக்லா, கி.பி. 940-இல் சிறையில் மாண்டார். அரசியற் பகையால் அன்னாரின் வலக்கரம் துண்டிக்கப்பட்டிருந்தது. எஞ்சிய கையில் நாணற்கலத்தைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர். அரபி எழுத்துக்கு அளவு வகுத்த கை அது. கலத்தின் முனையைத் தாளில் அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவர் கண்ட அளவுகோல். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தையொட்டியே ஏனைய எழுத்துகள் அமையும்.

இதைக் கற்றுத் தேற ஆண்டுகள் பல ஆகும். ஆசிரியர் இஜாஸத் வழங்கும்வரை மாணவன் தன் எழுத்தின்கீழ்ப் பெயர் பொறிக்கலாகாது என்பது உதுமானியர் காலத்து ஒழுங்கு. ஹதீஸ் கலையில் இஜாஸத்துக்கு என்ன மதிப்போ, அதுவே இங்கும். தொழில் நாணயம் என நாம் சொல்வது அந்தக் கையொப்பத்தில் இருந்தது.

அச்சுப்பொறி வந்த பின்னரும் உருது உலகில் காத்திபின் இடம் அசையவில்லை. நஸ்தஃலீக் எழுத்து வலமிருந்து இடமாகச் சரிந்திறங்கும். அண்டை எழுத்துக்கேற்ப வடிவும் உயரமும் மாறும். ஈய அச்சுக்குள் அதனை அடக்குவது அரிது. மௌலானா ஆஸாத் 1912-இல் தொடங்கிய 'அல்-ஹிலால்' ஈய எழுத்திலேயே வந்தது. ஆயினும் வாசகர் கண் நஸ்தஃலீக்கையே நாடிற்று. எனவே காத்திப் எழுத, கல்லச்சு அதனைப் பெருக்கியது.

1981-இல் நிலை மாறியது. கராச்சியைச் சேர்ந்த மிர்ஸா அஹ்மத் ஜமீல், மோனோடைப் நிறுவனத்தாரோடு சேர்ந்து ஒரு வழி கண்டார். எழுத்துகளைத் தனித்தனியே பிரிக்காமல், சேர்ந்து வரும் கூட்டுகள் 10,000-க்கும் மேற்பட்டவற்றை முழுமையாக எழுதிக் கணிப்பொறியில் ஏற்றச் செய்தார். தந்தையார் நூர் அஹ்மதின் நினைவாக அதற்கு நூரி நஸ்தஃலீக் எனப் பெயர். லாஹூர் 'ஜங்' நாளிதழ் அவ்வாண்டே அவ்வெழுத்தில் வெளிவந்தது.

இயந்திரம் கையை வென்றது என்று பலரும் எழுதினர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு கை எண்ணற்ற கைகளை வென்றது என்பதே உண்மை. திரையில் தோன்றுவதும் ஒரு காத்திபின் எழுத்துத்தானே! வேலையிழந்தோர் ஏனைய காத்திபுகள். 1994-இல் இன்பேஜ் மென்பொருள் வந்ததும், தட்டச்சு அறிந்த எவரும் பக்கம் அமைக்கலாயினர். இஜாஸத் கேட்பார் இல்லை. காத்திபுகளின் பிழைகளால் நொந்த உருது எழுத்தாளர் பலருக்கு இது விடுதலையாகவும் இருந்தது, அதையும் மறைத்தலாகாது. ஆனால் வரியின் இடமறிந்து ஒரு சொல்லை நீட்டவும் ஒடுக்கவும் அறிந்த கண்ணை அவர்கள் இழந்தனர்.

மதீனாவில் 1984-இல் திறக்கப்பெற்ற மன்னர் ஃபஹ்த் திருக்குர்ஆன் அச்சகம் வேறு வழி சென்றது. ஸிரியாவின் உதுமான் தாஹா கையால் எழுதிய முஸ்ஹஃபையே அது அச்சிட்டது. 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தோடு முடியும். கணிப்பொறி எழுத்துருக்கள் பின்னர் அந்தக் கையெழுத்திலிருந்தே ஆக்கப்பட்டன. அங்கே இயந்திரம் கையின் மாணவனாயிற்று.

நம் சென்னையிலும் ஒரு சான்று உண்டு. திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கப்பெற்ற 'முஸல்மான்' உருது நாளிதழை, இந்நூற்றாண்டிலும் காத்திபுகள் கலங்கொண்டு எழுதி வந்தனர். பிந்தி வரும் செய்திக்கென முதற்பக்கத்தின் ஒரு மூலையை வெற்றிடமாக விட்டு வைத்து, கலத்தை மையில் தோய்த்துக் காத்திருப்பார்கள்.