இந்தியாவில் செய்தித் தொடர்புச் சாதனங்கள்

தொலைவிலுள்ளோர்க்குச் சமாசாரம் அனுப்பும் சாதனங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இந்தியாவில் அடைந்துள்ள மாறுதல்களை ஆராயப் புகுவோர், ஒவ்வொரு சாதனமும் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த வருஷத்தையும், அது சாமானிய ஜனங்களின் கைக்கு எட்டிய வருஷத்தையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்த்தல் அவசியம். தந்தியும் தொலைபேசியும் மேனாடுகளில் தோன்றிய சில வருஷங்களுக்குள்ளேயே இங்கும் வந்துவிட்டன; ஆயினும் அவை அரசாங்க பரிபாலனத்துக்கும் பெருவர்த்தகத்துக்கும் உரியனவாகவே நெடுங்காலம் இருந்தன. கட்டணம் குறைந்தபோதோ, ஒரு கருவியைப் பலர் கூடிப் பயன்படுத்தும் வழக்கம் ஏற்பட்டபோதோதான் அவை ஜனங்களுக்குச் சொந்தமாயின.

இவற்றுள் முதலில் சாமானியரை அடைந்தது தபாலே. கம்பெனி ஆட்சியில் கடிதத்துக்குரிய கட்டணம் தூரத்தைப் பொறுத்து ஏறிக்கொண்டே போயிற்று. டல்ஹௌஸி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், 1854-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கால் தோலா எடைக்கு உட்பட்ட கடிதம் எத்தனை தூரம் சென்றாலும் அரையணாவே கட்டணம் என்று விதிக்கப்பட்டு, அவ்வருஷம் அக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான தபால்தலைகள் விற்பனைக்கு வந்தன. 1879-இல் கால் அணாவுக்குத் தபால் கார்டும், 1880-இல் மணியார்டரும் ஏற்பட்டன. எழுத்தறிவில்லாதவருக்கு இவற்றால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். தபாலாபீஸ் வாசலில் அமர்ந்து, காசு பெற்றுக்கொண்டு பிறர் சொல்வதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தவர்களும், வந்த கடிதத்தைத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டுப் போன தபால்காரர்களும் அக்குறையைப் பெரும்பாலும் நிவர்த்தி செய்தனர். திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்கள் தத்தம் அஞ்சல் முறையைத் தனியே நடத்திவந்தன. திருவிதாங்கூர் அஞ்சல் 1951-இல்தான் இந்தியத் தபால் இலாகாவுடன் சேர்க்கப்பட்டது. சுதந்திரம் வந்தபோது சுமார் 23,000-ஆக இருந்த தபாலாபீஸ்கள் இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டுள்ளன.

தந்தியின் வரலாறு கல்கத்தாவில் ஆரம்பமாகிறது. அங்கே மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓஷானஸி என்பவர், 1839-இல் மூங்கில் கம்பங்களின் மீது கம்பியை இழுத்து மின்சாரத்தால் செய்தி அனுப்பிப் பரிசோதித்தார். குறியீட்டைப் பதிவு செய்யும் யந்திரம் ஏதும் இல்லாமையால், கம்பியைப் பிடித்திருப்பவர் தம் விரல்களில் உண்டாகும் மின்னதிர்ச்சியைக் கொண்டே செய்தியை அறிய வேண்டியிருந்தது. அம்முயற்சியை அப்போது ஆதரிப்பார் இல்லை. பதினொரு வருஷம் கழிந்தபின், 1850-இல், கல்கத்தாவுக்கும் டைமண்ட் துறைமுகத்துக்கும் இடையே பரிசோதனைக் கம்பி போடப்பட்டு, கப்பல்களின் வரவு போக்கை அறிவிக்கும் பொருட்டு 1851-இல் உபயோகத்துக்குத் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் வழங்கிய மெல்லிய கம்பி இத்தேசத்துக்கு ஒவ்வாது என்று கண்ட ஓஷானஸி, பெரும் பறவைகள் கூட்டமாக வந்து உட்கார்ந்தாலும், குரங்குகள் பற்றித் தொங்கினாலும் அறாத கனத்த இரும்புக் கம்பியை உபயோகித்தார்.

இப்பணியில் அவருக்கு வலக்கையாக விளங்கிய சிவசந்திர நந்தி என்னும் வங்காளியைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் பேசாதிருப்பது வருந்தத்தக்கது. டைமண்ட் துறைமுகக் கம்பியின் பொறுப்பை ஏற்று நடத்திய அவர், பிற்பாடு பத்மா நதியின் குறுக்கே சுமார் 7 மைல் நீளத்துக்குக் கம்பிவடம் போட வேண்டி வந்தபோது, நீராவிக் கப்பலை அமர்த்துவதற்கு ஆகும் பெருஞ்செலவைத் தவிர்த்து, மீனவர்களின் நாட்டுப் படகுகளை வாடகைக்குப் பிடித்து அவற்றைக் கொண்டே காரியத்தை முடித்தார். ஆங்கிலேயர் கொணர்ந்தது என்று நாம் சொல்லும் தந்தி, இத்தகையோரின் உழைப்பாலும் யுக்தியாலும்தான் இம்மண்ணில் வேரூன்றிற்று.

1855 பிப்ரவரியில் தந்தி பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. மறு வருஷத்துக்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களை இணைத்து ஏறத்தாழ 4,000 மைல் தூரத்துக்குக் கம்பி போடப்பட்டுவிட்டது. 1857 மே மாதம் டில்லியில் கலகம் மூண்ட செய்தி அம்பாலாவுக்குத் தந்தி மூலமே எட்டிற்று. கிளர்ச்சிக்காரர்கள் பல இடங்களில் கம்பிகளை அறுத்தெறிந்ததும், கலகம் அடங்கியபின் ஆட்சியாளர் தந்தியை முன்னிலும் வேகமாக விஸ்தரித்ததும், அக்கருவி யாருக்குத் துணை செய்தது என்பதை இரு தரப்பாரும் நன்கு அறிந்திருந்தமையைக் காட்டுகின்றன. 1870-இல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக லண்டன் வரை கடலடிக் கம்பிவடத் தொடர்பு பூர்த்தியாயிற்று. அடுத்த வருஷமே சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வடம் சென்றது. இத்துறையை ஒழுங்குபடுத்திய இந்தியத் தந்திச் சட்டம் 1885-இல் இயற்றப்பட்டது.

கிராமத்துக் குடும்பங்களில் தந்தி வழங்கிய விதம் தனியே குறிப்பிடத்தக்கது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தபடியால், உறவினரின் நோய், மரணம் போன்ற தவிர்க்கவொண்ணாத சந்தர்ப்பங்களில் மட்டுமே ஜனங்கள் தந்தியாபீஸை நாடினர். ஆகவே தந்திச் சேவகர் சைக்கிளில் தெருவுக்குள் நுழைந்த மாத்திரத்தில், உறையைப் பிரிக்கும் முன்னரே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்குவது வழக்கமாயிற்று. ஆங்கிலத்தில் வந்த நாலைந்து சொற்களைப் படித்துச் சொல்லப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடி ஆள் ஓடும். விவாக வாழ்த்து முதலியவற்றுக்கு அமைத்து வைத்திருந்த வாசகங்களை அவற்றின் எண்ணை மட்டும் குறிப்பிட்டு மலிவாக அனுப்பும் முறை வந்தபின், கலியாணப் பந்தல்களில் வாழ்த்துத் தந்திகளை உரக்கப் படிப்பதும் ஒரு சடங்காயிற்று.

தொலைபேசி இந்தியாவுக்கு வந்தது மிக விரைவு. பரவியது மிகத் தாமதம். கிரகாம் பெல் உரிமை பெற்று ஆறு வருஷத்துக்குள், 1882 ஜனவரி 28-இல், ஓரியண்டல் டெலிபோன் கம்பெனியின் இணைப்பகங்கள் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் இயங்கத் தொடங்கின. கல்கத்தாவில் முதலில் சேர்ந்த சந்தாதாரர் 93 பேர். 1913-14-இல் சிம்லாவில் தானியங்கி இணைப்பகம் அமைந்தது. அது அப்போது ஆட்சியாளரின் கோடைகாலத் தலைநகர் என்பதை நினைவிற் கொண்டால், அந்த சௌகரியம் யாருக்காக ஏற்பட்டது என்பது விளங்கும். 1947-இல் 34 கோடி ஜனங்களுக்கும் சுமார் 80,000 தொலைபேசிகளே இருந்தன.

சுதந்திர இந்தியா கருவிகளைத் தானே உற்பத்தி செய்ய முற்பட்டது. பெங்களூரில் 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகமும், சென்னை கிண்டியில் 1960-இல் டெலிபிரிண்டர் தொழிற்சாலையும் எழுந்தன. 1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, இடையில் ஆபரேட்டர் இல்லாமல் சந்தாதாரர் தாமே எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை முதன்முதலாக ஏற்பட்டது. எனினும் பெரும்பாலோர்க்கு வெளியூர்ப் பேச்சு என்பது, டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பதும், அவசரமானால் பன்மடங்கு கட்டணம் கொடுத்து லைட்னிங் கால் கேட்பதும், இணைப்புக் கிடைத்தபின் தெருவே கேட்கக் கத்துவதுமாகவே இருந்தது. வீட்டுக்குத் தொலைபேசி வேண்டி விண்ணப்பித்தவர் பல வருஷம் காத்திருந்தனர். இந்நிலையில் பி.பி. நம்பர் என்ற ஏற்பாட்டை ஜனங்கள் தாமே கண்டுகொண்டனர். பக்கத்து வீட்டு எண்ணைத் தம் விலாசத்தோடு அச்சிட்டுக் கொடுப்பதும், அழைப்பு வந்ததும் அவ்வீட்டார் சுவர்மேல் எட்டிக் குரல் கொடுப்பதும், வந்தவர் பேசி முடியும்வரை தம் கூடத்தை விட்டுக்கொடுப்பதும் எவ்விதச் சட்டமும் விதிக்காத உபகாரங்கள்.

வானொலியும் இவ்வாறே கூட்டாகக் கேட்கப்பட்டுத்தான் பரவியது. சென்னையில் 1924-இல் தொடங்கிய ரேடியோ கிளப்பின் பணியை 1930-இல் மாநகராட்சி ஏற்று, கடற்கரை முதலிய பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றின. பஞ்சாயத்து வானொலியைச் சுற்றிக் கூடிய தஞ்சை விவசாயிகள், திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு 1960-களில் பயிரிட்ட ஏ.டி.டி. 27 என்னும் புதுரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கிற்று. தொலைக்காட்சி டில்லியில் 1959-இலும் சென்னையில் 1975-இலும் வந்தது.

தொலைபேசியின் போக்கை உண்மையில் மாற்றியது 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம். தொலைத்தொடர்புப் பொறியாளர் சாம் பித்ரோடாவின் தூண்டுதலால் எழுந்த இதன் சாதனையை அறிய, அந்நிய நாட்டு இணைப்பகங்கள் இங்கு ஏன் தடுமாறின என்பதை அறிய வேண்டும். தொலைபேசிகள் ஏராளமாகவும், ஒவ்வொன்றிலும் அழைப்புகள் சொற்பமாகவும் உள்ள நாடுகளை உத்தேசித்து அவை அமைக்கப்பட்டிருந்தன. இங்கோ ஒரு தொலைபேசியில் ஒரு தெருவே பேசிற்று. அன்றியும் அவற்றுக்குக் குளிர்சாதன அறை இன்றியமையாதது. சி-டாட் பொறியாளர்கள் தூசியையும் வெயிலையும் தாங்கி, குளிர்சாதனமின்றி இயங்கும் 128 இணைப்புள்ள கிராமிய இணைப்பகத்தை உருவாக்கினர். 1986-இல் அது கர்நாடகத்திலுள்ள கிட்டூரில் முதன்முதலில் நிறுவப்பட்டது.

இதையடுத்துக் கடைத்தெருக்கள்தோறும் மஞ்சள் பலகையில் கருப்பெழுத்துடன் எஸ்.டி.டி. பூத்துகள் தோன்றின. ஊனமுற்றோர், விதவைகள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோர்க்கு முன்னுரிமை தந்து அவை ஒதுக்கப்பட்டமையால், பல குடும்பங்களுக்கு அவை ஜீவனோபாயமும் ஆயின. ஓர் ஆள் நிற்க மட்டும் இடமுள்ள கண்ணாடிக் கூண்டு, தலைக்குமேல் சிறு விசிறி, பேசப்பேச ஏறிக்கொண்டே போகும் சிவப்பு எண்களையுடைய மீட்டர், வெளியே துண்டுச்சீட்டில் ரசீது அடிக்கும் யந்திரம் ஆகியவையே அதன் அமைப்பு. இரவு நேரம் ஆக ஆகக் கட்டணம் பாதியாகவும் காலாகவும் குறைந்ததால், வடநாட்டில் வேலை பார்க்கும் மகனோடு பேச விரும்பிய தாய்மார் கூட்டமும், ஊருக்குப் பேசும் கூலித் தொழிலாளர் கூட்டமும் பத்து மணிக்குமேல் பூத் வாசலில் வரிசையாக நிற்கும். 1991-இல் 84 கோடி ஜனங்களுக்கு 50 லட்சம் தொலைபேசிகளே இருந்தும், எண்ணற்றோர் தூரத்துக் குரலைக் கேட்க முடிந்தது இந்தக் கூண்டுகளால்தான். இந்தியச் செய்தித் தொடர்பு வரலாற்றில் இதனினும் நியாயமான ஏற்பாடு வேறு இருந்ததில்லை என்று துணிந்து கூறலாம்.

1995 ஜூலை 31-இல் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைப்பேசிப் பேச்சு. அதற்கு இரண்டு வாரத்துக்குப்பின், ஆகஸ்ட் 15-இல், அரசாங்க நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பை வழங்கத் தொடங்கியது. அப்போது கைப்பேசிப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. வரும் அழைப்புக்கும் பணம் கொடுக்க வேண்டும். 1999-ஆம் வருஷத் தொலைத்தொடர்புக் கொள்கையானது நிறுவனங்களின் உரிமக் கட்டணத்தை வருமானப் பங்காக மாற்றியதும், 2003 மே மாதம் உள்வரும் அழைப்பு இலவசமானதும், கைப்பேசியை எளியோரிடம் கொண்டு சேர்த்தன. 2004-இல் கைப்பேசிகளின் தொகை தரைவழித் தொலைபேசிகளின் தொகையை மிஞ்சியது. பேச்சுக்குப் பணமில்லாதவர் ஒருமுறை மணியடித்து நிறுத்தும் மிஸ்டு கால், 'வந்து சேர்ந்தேன்', 'திரும்பக் கூப்பிடு' என்னும் செய்திகளைக் காசில்லாமலே தாங்கிச் சென்றது.

கைப்பேசியின் பயனை வட கேரளக் கடற்கரையில் அளந்து காட்டியவர் ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர். 1997-க்கும் 2001-க்கும் இடையே அங்கே கைப்பேசி பரவியபோது, மத்தி மீன் பிடித்து வந்த மீனவர்கள் கடலிலிருந்தே சந்தை விலையை விசாரித்து, நல்ல விலையுள்ள துறைக்குப் படகைத் திருப்பினர். அதனால் விலை போகாமல் வீணான மீன் ஏறக்குறைய அறவே இல்லாமற் போய், மீனவரின் லாபம் நூற்றுக்கு 8 வீதம் உயர்ந்ததோடு, வாங்குவோர் கொடுத்த விலையும் நூற்றுக்கு 4 வீதம் இறங்கிற்று என்று 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அவர் நிரூபித்தார்.

2013 ஜூலை 15-இல் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் வருகையால் இன்டர்நெட் கட்டணம் வெகுவாக வீழ்ச்சியடைந்து, படமும் குரலும் பணமும் ஒரே கருவியில் செல்லலாயின. 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. 1885-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியுள்ளது.

கைப்பேசி எல்லோரையும் அடைந்துவிட்டது என்னும் கூற்று மட்டும் இன்னும் மெய்யாகவில்லை. பெட்டிக்கடைப் பூத்தில் பெண்கள் தம் காசில் தாமே பேசினர். பூத்துகள் மறைந்தபின், பல வீடுகளில் கணவனுடைய அல்லது மகனுடைய கருவியைக் கேட்டு வாங்கியே அவர்கள் பேச வேண்டியுள்ளது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள் இந்தியாவில் 100-க்கு 54 பேரே.