பின்கதவில் தொங்கும் ஐந்தாவது டயர்: ஸ்டெப்னி வீதியிலிருந்து சாய்ந்தமருது வரை



ஜீப்புக்குப் பெரிய டயர் போடும் ஆசை நம்ம ஊர்த் தம்பிமாரிடம் நன்றாகப் பரவியிருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் 33 இஞ்சி டயர். ஐந்தாவதையும் அதே அளவில் வாங்கிப் பின்கதவில் மாட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்தாவது டயரை எங்கே தொங்கவிடுவது என்ற கேள்விக்கு 120 வருட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் கராஜில் காசு கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதல் மோட்டார் கார்களுக்கு ஸ்பெயார் வீல் என்ற ஒன்றே இருக்கவில்லை. காற்றுப் போனால் வீதியோரத்தில் உட்கார்ந்து டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, மறுபடி மாட்டிக் காற்றடிக்க வேண்டும். அன்றைய வீதிகளில் குதிரை லாட ஆணிகளுக்குக் குறைவில்லை. 1904 இல் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கம்பிகள் இல்லாத ஒரு ரிம், அதில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் இதைக் கவ்வி இறுக்கிவிட்டு ஓடலாம். கடை இருந்த வீதியின் பெயர் ஸ்டெப்னி வீதி. அதனால் பொருளுக்கும் அதே பெயர். இந்தியாவில் இன்றும் மேலதிகச் சக்கரத்தை ‘ஸ்டெப்னி’ என்கிறார்கள். பிரேசில்காரர்கள் ‘எஸ்டெப்பே’ என்கிறார்கள். ஒரு சின்ன ஊரின் வீதிப் பெயர் உலகம் சுற்றிய கதை இது.

1906 இல் பிரான்சின் லு மான் நகரில் நடந்த முதலாவது கிராண்ட் பிரி ஓட்டப் போட்டியில் ரெனோல்ட் கார் வென்றது. அதில் இருந்தது மிஷலின் கம்பனியின் கழற்றி மாட்டும் ரிம். மற்றவர்கள் டயரைக் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ரெனோல்ட்காரர்கள் சில நட்டுகளைக் கழற்றி ரிம்மோடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு மேலதிகச் சக்கரம் காரோடு ஒட்டிக்கொண்டது. முதலில் மட்கார்டின் பக்கம், பிறகு பின்புறம், கடைசியில் டிக்கிக்குள்.

சாதாரணக் காரில் அது உள்ளே போய் மறைந்துவிட்டது. காட்டிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் மட்டும் வெளியிலேயே தங்கிவிட்டது. காரணம் எளிது. உள்ளே வைத்தால் ஆளுக்கும் சாமானுக்கும் இடமில்லை. அடியில் தொங்கவிட்டால் வரம்பிலும் கல்லிலும் இடிக்கும். சேற்றில் புதைந்த நேரத்தில் எடுக்கவும் முடியாது.

இரண்டாம் உலக யுத்தத்தில் 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்ட் கம்பனிகள் சுமார் 640,000 ஜீப்புகளைச் செய்தன. அவற்றின் ஸ்பெயார் வீல் பின்பக்கத் தகட்டில் இருந்தது. ஆரம்ப வண்டிகளில் அதைத் தாங்கிய போல்ட் இரண்டு. பின்னால் வந்தவற்றில் மூன்று. இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். அந்த இராணுவ ஜீப்பில் பின்பக்கம் திறக்காது. அது கதவல்ல, உடம்போடு சேர்ந்த தகடு. யுத்தம் முடிந்து 1945 இல் விவசாயிகளுக்கென்று சிஜே-2ஏ ஜீப் வந்தபோது சாமான் ஏற்றுவதற்காகப் பின்னால் திறக்கும் பலகை வைத்தார்கள். உடனே ஸ்பெயார் வீலை அங்கிருந்து எடுத்து வண்டியின் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். திறந்து மூடும் ஒன்றில் பாரத்தைத் தொங்கவிட அன்றைக்கே அவர்கள் விரும்பவில்லை.

1948 இல் வந்த லேண்ட்ரோவரும் சக்கரத்தை ஆசனங்களுக்குப் பின்னாலோ பொனட்டின் மேலோதான் வைத்தது. 1960 முதல் 1984 வரை ஓடிய டொயோட்டா எப்ஜே40 வண்டிகள் பலவற்றில் டயரைத் தாங்க ஒரு தனி இரும்புக் கை. அதன் பிணைச்சல் கதவில் இல்லை, வண்டியின் உடம்பில் இருந்தது. முதலில் கையைத் திறக்க வேண்டும், பிறகுதான் கதவு. 1970 இல் சுசுகியின் முதல் ஜிம்னி வந்தபோது, ஜப்பான் சட்டப்படி சின்னக் கார்கள் 3 மீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பதால் ஸ்பெயார் வீலைப் பின் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். ஒருவர் உட்காரும் இடம் போனது, வண்டி நீளத்துக்குள் அடங்கியது.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1944 இல் தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்த காலத்தில் இராணுவ ஜீப்புகள் இலங்கை வீதிகளுக்குப் பழக்கமாகின. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, அமெரிக்காவின் மொரிசன்-நுட்சன் கம்பனி இங்கினியாகலையில் அணை கட்டியபோது, காட்டுப் பாதையில் ஓடும் வண்டிகளின் தேவை நம்ம பக்கத்துக்கும் வந்தது. அதன் பிறகு ஆட்சி செய்தது ஜப்பான் ஜீப். மிட்சுபிஷி 1953 இல் வில்லிஸ் உரிமத்தோடு தொடங்கி 1998 வரை ஜீப் செய்தது. அதன் 2659 சீசீ டீசல் எஞ்சினின் பெயரையே நம்மவர்கள் வண்டிக்கு வைத்துவிட்டார்கள்: 4டிஆர்5. கரைவாகு வட்டைக்கு விதைநெல் கொண்டுபோகவும், குமண, பாணமைப் பக்கம் போகவும் இந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இன்னொரு வகை வண்டிகளை நம்ம பிள்ளைகள் பார்த்தார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் சுனாமியில் போனார்கள். அந்தத் துயரத்துக்குள் உதவி நிறுவனங்களின் வெள்ளை நிற லேண்ட்குரூசர்கள் வந்தன, பின்னால் டயரைச் சுமந்துகொண்டு. இன்று பெரிய டயர் வாங்கும் தம்பிமார் பலர் அன்றைக்குச் சின்னப் பிள்ளைகள்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். பெரிய டயர் போட்டால் ஸ்பெயாரும் அதே அளவில் இருக்கத்தான் வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒன்று மட்டும் சிறிதாக இருந்தால் கியர்ப் பெட்டிக்கும் டிபரன்சலுக்கும் கேடு. ஆகவே பெரிய ஸ்பெயார் வாங்குவது தவறில்லை. அதைப் பழைய கதவில் பழைய போல்ட்டில் மாட்டுவதில்தான் பிரச்சினை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு இது. பழைய ஸ்பெயார் ரிம்மோடு 22 கிலோ, பிணைச்சலிலிருந்து பின்னோக்கி 20 சென்ரிமீற்றர் தூரத்தில் என்று வைப்போம். பெருக்கினால் 440. 33 இஞ்சி டயர் ரிம்மோடு 38 கிலோ அளவில் வரும். அகலமும் கூடுதல் என்பதால் கதவில் முட்டாமல் இருக்க ஸ்பேசர் போட்டுத் தள்ளி வைக்க வேண்டும். 28 சென்ரிமீற்றர் என்றால் 1064. பாரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆனால் பிணைச்சலை வளைக்கும் விசை கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இது வண்டி நிற்கும்போது. குழியில் விழுந்து எழும்பும்போது இன்னும் பல மடங்கு. மேல் பிணைச்சலை வெளியே இழுக்கிறது, கீழ்ப் பிணைச்சலை உள்ளே தள்ளுகிறது. முதலில் கதவு சடசடக்கும், பிறகு பூட்டு ஒழுங்காக விழாது, பிறகு பிணைச்சலைச் சுற்றித் தகடு வெடிக்கும்.

நம்ம ஊருக்கு இதில் இரண்டு மேலதிகக் கஷ்டம். ஒன்று உப்புக்காற்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டியின் பின்கதவு உள்ளிருந்துதான் கறல் பிடிக்கிறது. மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு கடதாசி மாதிரி இருக்கும். இரண்டாவது, வண்டிகளின் வயது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழையதையே ஒட்டி ஒட்டி ஓட்டினோம். அந்தக் கதவுகளில்தான் இந்தப் பாரம் ஏறுகிறது.

கம்பனிக்காரர்களே இதைச் சும்மா விடவில்லை. 2021 இல் ஜீப் ரேங்லருக்கு 35 இஞ்சி டயரைத் தொழிற்சாலையிலேயே போட்டுக் கொடுத்தபோது பின்கதவையும் பலப்படுத்தித்தான் கொடுத்தார்கள்.

கராஜுக்குப் போகும் தம்பிமார் இவற்றைப் பாருங்கள்.

பின்கதவின் உள் மட்டையைக் கழற்றி, பிணைச்சலைச் சுற்றிக் கறலோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதற்குத்தான் வேலை.

வெறும் தகட்டில் போல்ட் போடவேண்டாம். இரண்டு பிணைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும் தடித்த பிளேட் வேண்டும். கதவு மூடியிருக்கும்போது டயரை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முட்டும் வேண்டும்.

35 இஞ்சி என்றால் கதவை மறந்துவிடுங்கள். சேசிஸில் பிடித்த பின் பம்பரிலிருந்து பெயாரிங்கோடு திரும்பும் தனிக் கைதான் சரி. திறந்த கை காற்றில் அடித்துத் திரும்பாமல் பூட்டும் கொளுக்கியும் கேளுங்கள்.

டயரின் கீழ் விளிம்பு பம்பரில் முட்டாமலிருக்க மேலே தூக்குவார்கள். அப்போது நம்பர் பிளேட்டையும் பிரேக் லைட்டையும் மறைக்கிறதா என்று 20 அடி பின்னால் நின்று பாருங்கள். கண்ணாடி வழியாகப் பின்னால் எவ்வளவு தெரிகிறது என்று சாரதி ஆசனத்திலிருந்தும் பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். காலை 7 மணிக்கு நம்ம பிரதான வீதியில் அந்த டயருக்குப் பின்னால் வருவது சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஜீப் பின்னுக்கு எடுக்கும்போது அந்தப் பிள்ளையின் தலை டயருக்குக் கீழே மறைந்துவிடும். பிரேக் லைட் தெரியாவிட்டால் வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. 38 கிலோ கழன்று விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. ஜீப் உங்கள் சொத்து, வீதி எல்லோருக்கும் பொது. வீதியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளை என்று படித்த சமூகம் நாம். தொல்லையை நாமே தொங்கவிட்டுக்கொண்டு போகலாமா?

நம்ம ஊர்ப் பழைய ஜீப்புகளின் படம் யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள். எந்த வருடம், யார் வீட்டு வண்டி, ஸ்பெயார் வீல் எங்கே இருந்தது என்றும் சேர்த்து எழுதுங்கள். வாப்பாமார், மாமாமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால், இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளுக்கு ஊர் வரலாறாக இருக்கும்.