கோழிகளின் தலைநடுக்கமும் நரம்புக் கோளாறுகளும்

புழக்கடைக் கோழி தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதும், கழுத்து திருகி வானத்தைப் பார்ப்பதும், காலை இழுப்பதும், சுற்றிச் சுற்றி வந்து சரிவதும் அதன் மூளையோ நரம்போ பாதிக்கப்பட்டிருப்பதன் அறிகுறிகள். இவை தனி நோய் அல்ல. நச்சுயிரி, சத்துக்குறை, நஞ்சு, தலையில் பட்ட அடி ஆகிய எல்லாவற்றிலும் இவை தோன்றும். காரணத்தைப் பிரித்தறியக் கோழியின் வயது, நோய் கண்டவை ஒன்றா பலவா, கடந்த சில நாட்களில் அவை தின்றது என்ன ஆகிய மூன்றையும் கேட்டறிய வேண்டும். தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்தில் மூன்றாவது கேள்விக்குத் தனி எடை உண்டு. ஒரு பக்கம் கடலும் உப்பளமும், மறுபக்கம் நெல்வயலும் உள்ள ஊரில் மேய்கிற கோழிக்கு நெல், தவிடு, மீன்கழிவு, கருவாட்டுத் துண்டு, மருந்து கலந்த விதை எல்லாமே எட்டும் தூரத்தில் கிடைக்கின்றன.

தமிழகக் கோழிகளில் கழுத்து திருகலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது வெள்ளைக் கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கண்டறியப்பட்ட இந்த நச்சுயிரி நோய், 1928இல் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் பதிவானது. இந்தியக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் அதை ராணிக்கெட் நோய் என்றே குறிக்கிறார்கள். நச்சுயிரி புகுந்து 2 முதல் 15 நாட்களுக்குள் கோழி தீனியை விடுகிறது. இறகு சிலிர்த்து ஒடுங்குகிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, பச்சை கலந்த வெள்ளையாகக் கழிகிறது. தடுப்பூசி போடாத கூட்டம் முழுவதுமே மடிந்துவிடக்கூடும். தலைநடுக்கமும் இறக்கை, கால் முடக்கமும் பெரும்பாலும் இதற்குப் பிறகே வருகின்றன. கழிச்சலில் பிழைத்த கோழி வாரக்கணக்கில் கழுத்து முறுக்கிக்கொண்டு திரிவதைப் பார்த்து அதைப் புதிய நோய் என்று எண்ணிவிடுவது வழக்கம். உண்மையில் அது பழைய நோயின் வடு. நச்சுயிரியை அழிக்கும் மருந்து கிடையாது. தீனியைக் கொத்தத் தெரியாமல் தடுமாறும் கோழிக்குக் கையால் ஊட்டினால் சில தேறிவிடும்.

முட்டையிலிருந்து வெளிவந்து 3 வாரத்துக்குள் இருக்கும் குஞ்சுகள் கூட்டமாகத் தள்ளாடி, கையில் எடுத்தால் தலையும் கழுத்தும் அதிர்வதை உணர முடிந்தால் அது கொள்ளை நடுக்கம் எனப்படும் மூளை தண்டுவட அழற்சியாக இருக்கலாம். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அறியப்பட்ட இந்த நோய் பெரும்பாலும் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வருகிறது. தாயிடம் சில நாள் முட்டை குறைவதைத் தவிர வேறு அடையாளம் இருக்காது. ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் நீட்டிப் படுக்கும் வளர்ந்த கோழிக்கு மாரெக் நோய் இருக்கலாம். 1907இல் ஹங்கேரியின் யோசெப் மாரெக் விவரித்த இதற்கான தடுப்பூசி, குஞ்சு பொரித்த முதல் நாளே போடப்பட வேண்டியது. வீட்டில் அடைகாத்துப் பொரிக்கும் குஞ்சுகளுக்கு அது கிட்டுவது அரிது.

சத்துக்குறையால் வரும் நடுக்கம் நெல் விளையும் நாட்டுக்கு நெருக்கமானது. 1890களில் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் தம் ஆய்வகக் கோழிகள் கால் துவண்டு விழுவதைக் கண்டார். மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோற்றைத் தின்றவை அவை. புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்து, தவிடு போகாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே ஐக்மான் முதலில் கருதினார். தவிட்டிலுள்ள ஒரு பொருள் இல்லாமைதான் காரணம் என்பதை 1901இல் ஹெரிட் கிரைன்ஸ் தெளிவாக்கினார். அந்தப் பொருள் தயமின் எனும் வைட்டமின் பி1. ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

தயமின் குறைந்த கோழி தலையைப் பின்னுக்கு வளைத்து மேலே பார்த்தபடி உட்கார்ந்துவிடும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குவதால் புழுங்கலரிசிச் சோறு பச்சரிசிச் சோற்றைவிட மேல். புழு பூச்சி கொத்தித் திரியும் கோழிக்கு இந்தக் குறை அபூர்வம். பஞ்சாரத்திலோ கொடாப்பிலோ அடைத்து வெறும் சோறு போட்டு வளர்ப்பதற்கே வரும். மீன்பிடி ஊர்களில் இன்னொரு வழியும் உண்டு. சில மீன்களின் பச்சைச் சதையிலும் குடலிலும் தயமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. மீன்கழிவை வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். ரத்தக்கழிச்சலுக்குத் தரப்படும் ஆம்ப்ரோலியம் மருந்தும் அளவு மீறினால் தயமினைத் தடுக்கும். தயமின் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே கோழி தேறத் தொடங்கினால் நோய் இன்னதென்பது உறுதி.

தவிட்டையும் காலம் பார்த்தே போட வேண்டும். ஆலையிலிருந்து வந்த தவிட்டின் எண்ணெய் விரைவில் காறிப்போகிறது. காறிய கொழுப்பு வைட்டமின் ஈயை அழிப்பதால், 2 முதல் 4 வார வயதுக் குஞ்சுகளின் சிறுமூளை மென்மையாகி, அவை மல்லாந்து விழுந்து காலை உதறுகின்றன.

காலையில் நன்றாக மேய்ந்த பல கோழிகள் மாலைக்குள் ஒன்றாக நடுங்கி விழுந்தால் நஞ்சையே நினைக்க வேண்டும். குறுவை, சம்பா வயல்களில் எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடும், பயிருக்குத் தெளிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகளும் முதன்மையானவை. பின்னதில் வாயில் நீர் வடியும். மருத்துவர் உரிய நேரத்தில் அட்ரோபின் செலுத்தினால் காப்பாற்றலாம். கருவாட்டுக் கழிவை நிறையத் தின்று தண்ணீர் கிடைக்காத கோழிக்கு உப்பு நஞ்சாகி வலிப்பு வரும். அழுகிய பிணத்தின் புழுக்களைத் தின்றால் கழுத்து நடுங்காமல் துணிபோல் துவளும், அது போட்டுலிசம். வலையிலிருந்து உதிர்ந்த ஈயக் குண்டைக் கல்லென்று விழுங்குவதும் நரம்பைக் கெடுக்கும்.

திடீரென்று பல கோழிகள் செத்து, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தால் பறவைக் காய்ச்சலும் சந்தேகத்துக்குரியது. இந்தியாவில் அது 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் உறுதியானது. அப்படிப்பட்ட இறப்பை உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கோழியை வீட்டில் அறுத்துப் பார்க்கக் கூடாது. மருத்துவ உதவிக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

இவற்றில் எளிதாகத் தடுக்கக்கூடியது வெள்ளைக் கழிச்சல்தான். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8 வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் தரப்படுகின்றன. ஊர் ஊராகக் கோழிகளைப் பிடித்து ஊசி போடும் சிரமத்தைத் தவிர்க்க, தீனிபோல் கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. கால்நடை பராமரிப்புத் துறை கோடைக்கு முன் பிப்ரவரியில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்திவருகிறது. நலமாக உள்ள கோழிக்கே தடுப்பூசி பயன்தரும். கழுத்து திருகிவிட்ட கோழிக்குப் போட்டுப் பயனில்லை.