பழி மழைக்கா?

கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் வரும்போது ஹப்புத்தளை தாண்டி வருவது தியத்தலாவை. இன்னைக்கும் அது இராணுவ ஊர்தான். 1900இல் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகளை பிரிட்டிஷ்காரர் இங்கே கொண்டுவந்துதான் அடைத்தார்கள். அந்தக் கதையைத் தேடப்போன நாங்க, பிரிட்டிஷ் படையின் தோட்டாவில் போய் நின்றோம்.

தோட்டாவின் கோது பித்தளை: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வட்டத் தகட்டை அச்சில் அழுத்தி, இழுத்து இழுத்துக் குழலாக்குவார்கள். இழுக்க இழுக்கப் பித்தளை கெட்டிப்படும். பாத்திரம் தட்டுற கன்னாருக்கும் இது தெரியும்: இடையில நெருப்புல காட்டி இளக்காம தட்டினா பிளந்துடும்.

19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் மழைக்காலத்தில் படை வேலை குறையும். தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டன. மழை விட்டு எடுத்துப் பார்த்தால், சுடாத கோதுகளிலேயே கீறல்! குண்டை இறுக்கிப் பிடிக்கும் கழுத்தில்தான் அதிகம். அதற்குப் பெயர் 'பருவ வெடிப்பு' என்றானது. பழி மழைக்குப் போனது.

1921இல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் மூவரும் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா பாதி. செய்யும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் கீறல். சுமார் 250 பாகை செல்சியஸில் சூடாக்கினால் அந்த இறுக்கம் தணியும். உறுதி அவ்வளவாகக் குறையாது.

கழுத்தை மட்டும் அதைவிட அதிகமாகச் சூடாக்கி இளக்குவார்கள். இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலச் சாயல் அந்தச் சூட்டின் தடம். பழைய கோதில் மறுபடி மருந்து நிரப்புறவங்களும் இதைச் செய்வாங்க; ஒவ்வொரு தடவை சுடும்போதும் கழுத்து விரிந்து, திரும்ப ஒடுக்கப்பட்டு, கெட்டிப்படும். ஆனா அடிப்பகுதிக்குச் சூடு போகவே கூடாது. அது இளகினால் வாயு பின்பக்கம் பீறிட்டு, சுடுபவர் முகத்துக்கே வரும்.

'பருவ வெடிப்பு' என்ற பெயர்தான் எங்களை விடவில்லை. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அப்போதும் மழை என்றார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மழை பெய்தது உண்மைதான். ஆனா தோட்டாவை லாயத்தில் வைத்தது மழை இல்லை. சனங்களை அந்தச் சரிவில் விட்டு வைத்ததும் மழை இல்லை.

தோட்டாவுக்கு ஆய்வாளர்கள் காரணம் தேடிக் கண்டுபிடிச்சாங்க. மீரியபெத்தையில காரணம் முன்னமே எழுதிக் கிடந்துச்சு.