அரசர் தூங்கினார், ஆன்டிபேட்டர் விழித்திருந்தார்

கி.மு. 346, வசந்த காலம். ஏதென்ஸில் டயோனிசஸ் திருவிழா. பொழுது விடிகிற நேரத்தில் மாசிடோனியத் தூதர்களை நாடக அரங்குக்கு அழைத்து வருகிறார் டெமாஸ்தனிஸ். முன்வரிசை இடம், உட்காரத் திண்டு, கீழே ஊதா விரிப்பு. பிலிப் மன்னரை மேடைதோறும் வறுத்தெடுத்தவர் அவருடைய ஆட்களுக்கே இப்படித் தடபுடல் செய்ததைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போட்டதாம். சொன்னவர் டெமாஸ்தனிஸின் பரம வைரி ஈஸ்கினீஸ். கொஞ்சம் காரம் தூவியிருப்பார்!

அந்தத் தூதர்களில் ஒருவர்தான் ஆன்டிபேட்டர். அப்போதே ஐம்பதைக் கடந்தவர். அரிஸ்டாட்டிலின் நண்பர், தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பையே பின்னாளில் அந்தத் தத்துவஞானி இவரிடம் விட்டுப் போனார். பிலிப்புக்கோ குடியும் கும்மாளமும் பிடிக்கும். ஒருநாள் வெகுநேரம் தூங்கிவிட்டு வந்தவர், ஆன்டிபேட்டர் விழித்திருந்ததால் நிம்மதியாகத் தூங்கினேன் என்றாராம். தாயம் உருட்டும்போது இவர் வருகிறார் என்று கேட்டால் பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார் என்றும் ஒரு கதை உண்டு. கணக்குப்பிள்ளையைக் கண்ட மைனர் மாதிரி!

கி.மு. 334-இல் பிலிப்பின் மகன் அலெக்சாண்டர் ஆசியாவுக்குக் கிளம்பியபோது 12,000 காலாட்களையும் 1,500 குதிரை வீரர்களையும் கொடுத்து, நாட்டை இவரிடம் ஒப்படைத்தார். ஸ்பார்ட்டா மன்னன் ஏஜிஸின் கலகத்தை மெகாலோபோலிஸில் அடக்கியவருக்கு அரண்மனைக்குள் ஒரு தலைவலியை மட்டும் அடக்க முடியவில்லை. ராஜமாதா ஒலிம்பியாஸ்! அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புகார் எழுதினார். தாயின் ஒரு துளிக் கண்ணீர் பத்தாயிரம் கடிதங்களை அழித்துவிடும் என்பது இவருக்குத் தெரியவில்லையே என்றாராம் அலெக்சாண்டர். கடைசியில் பதவியைத் தளபதி கிராட்டெரஸிடம் கொடுத்துவிட்டு பாபிலோனுக்கு வரும்படி உத்தரவு வந்தது. இவர் போகவில்லை, மகன் கசாண்டரை அனுப்பினார். கி.மு. 323-இல் அலெக்சாண்டர் இறந்ததும் விஷம் வைத்தது இவர் குடும்பம்தான் என்று வதந்தி கிளம்பியது. மன்னருக்கு மது ஊற்றிக் கொடுத்தவன் இவருடைய இன்னொரு மகன். வதந்திக்கு அது போதாதா?

செய்தி கிடைத்ததும் ஏதென்ஸ் எழுந்தது. லாமியா கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கிய ஆன்டிபேட்டர் சமாதானம் கேட்டார். நிபந்தனையில்லாமல் சரணடை என்றார் ஏதென்ஸ் தளபதி லியோஸ்தனிஸ். அதை இவர் மறக்கவில்லை. மறு ஆண்டு கிரானோனில் வென்றபின் ஏதென்ஸ் தூதர்கள் வந்து நின்றபோது, அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். முனிக்கியா குன்றில் மாசிடோனியப் படை குடியேறியது. 2,000 திராக்மா சொத்து இல்லாதவர்களுக்கு வாக்குரிமை போயிற்று. ஒரு காலத்தில் தானே தூதராக வந்த ஊர் என்ற தயவெல்லாம் அவரிடம் இல்லை.

ஆன்டிபேட்டரின் ஆட்களிடமிருந்து தப்பிய டெமாஸ்தனிஸ் கலௌரியா தீவின் பொசைடன் கோயிலில் தஞ்சம் புகுந்தார். பிடிக்க வந்தவன் ஆர்க்கியாஸ், ஒரு காலத்தில் நாடக நடிகன். உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் இனிக்க இனிக்கப் பேசினான். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார் டெமாஸ்தனிஸ். நாணல் எழுதுகோலின் முனையைக் கடித்தார். அதில் விஷம் இருந்தது.

மூன்றே ஆண்டில், எண்பதை எட்டிய வயதில் ஆன்டிபேட்டரும் கண்ணை மூடினார். பதவியைச் சொந்த மகன் கசாண்டருக்குக் கொடுக்காமல், பாலிபெர்கான் என்ற பழைய தளபதியிடம் விட்டுப் போனார். மகன் சும்மா இருப்பானா?

(தொடரும்)